பையில் வைத்த குறிப்பு

ஸுலேமா,
வக்கீலிடம் சொல்லி அனுப்ப வேண்டிய விஷயம் இல்லை.
மைலேன் தலையில் பேன்.

வெள்ளிக்கிழமை காரில் ஏறியதிலிருந்தே
இரண்டு கையும் தலையில்தான்.
காற்று மணலை வாரி முடிக்குள் கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.
கொமொதோரோவில் எல்லாப் பழியும் காற்றின் மேல்தானே.
ராத்திரி விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன்.
காதுக்குப் பின்னால், பிடரியில்,
வெள்ளை வெள்ளையாய்.
ஊதினேன். பறக்கவில்லை.
பொடுகு பறந்திருக்கும்.

நாம் கையெழுத்துப் போட்ட தாளில் என்னென்னவோ இருந்தது:
பல் மருத்துவருக்கு யார் பணம்,
பிறந்தநாள் எந்த வருஷம் யார் வீட்டில்,
குளிர்காலக் காலணி.
பேன் இல்லை.

மருந்துக்கடையில் ஓர் இரும்புச் சீப்பு கொடுத்தார்கள்.
கண்டிஷனரை அள்ளிப் பூசி
வேரிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும்,
கீழே வெள்ளைத் துணி விரிக்க வேண்டும்.
என் வீட்டில் வெள்ளையாக இருந்தது
அவளுடைய பள்ளி மேலங்கி ஒன்றுதான்.
அதைத்தான் விரித்தேன்.
(வெந்நீரில் துவைத்தாயிற்று. இடது பையில் மை
முன்பே இருந்தது.)

பேன் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.
பதினான்கு நாள் எண்ணெய்க் கிணற்றில்
குழாயும் சங்கிலியும் பிடித்த விரல்
ஓர் ஈரைப் பிடிக்க வழுக்குகிறது.
அதோடு, என் வலது கட்டைவிரல்
உனக்குத் தெரியும், நகம் போனதுதான், திரும்பவில்லை.
குத்துவதற்கு இரண்டு நகம் வேண்டாமா?
மைலேன் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு தன்னுடையதைக் கடன் கொடுத்தாள்.
என் நகம் ஒன்று, அவள் நகம் ஒன்று,
நடுவில் அது.
டக்.

வெள்ளி: முப்பத்தொன்று.
சனி: பன்னிரண்டு.
இன்று காலை நான்கு,
அதில் ஒன்று உண்மையிலேயே மணல்.

சீப்பு இழுக்கும்போது அவளுக்கு என் முகம் தெரியாது.
அதனால்தானோ என்னவோ, பேசினாள்.
நீ ராத்திரியில் இருமுகிறாயாம்.
சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதாம்.
உலிசெஸ் என்றொரு பையன்,
வீட்டில் மொட்டை அடித்துவிட்டார்கள்,
வகுப்பில் அவன் பெஞ்சு காலி.
அவள் போய் உட்கார்ந்தாளாம்.
மொட்டைக்கு முந்தின வாரமே
இரண்டு பேரும் ஒரு நத்தையைக் குனிந்து பார்த்தார்களாம்,
ரொம்ப நேரம்.
பேனுக்குக் குதிக்கத் தெரியாது, ஸுலேமா, பறக்கவும் தெரியாது.
தலையோடு தலை பட்டால்தான் நடந்து வரும்.
டீச்சரிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிடாதே.
அவளையும் திட்டாதே.

பேனைப் பெருமாளாக்குகிறேன் என்று நீ நினைக்கலாம்.
எனக்கும் அரிக்கிறது.
முகாமில் என் தலையைப் பார்க்க
சால்திவியா ஒப்புக்கொண்டான்,
ஊருக்கே சொல்லிச் சிரிக்கப் போகிறான், சிரிக்கட்டும்.
உன் தலையை யார் பார்ப்பார்கள்?
தன் தலையைத் தானே பார்க்க யாராலும் முடியாது.
உன் அக்கா த்ரெலேவில் இருக்கிறாள்.
மாலை ஆறு மணிக்கு அவளை விட வருவேன்,
வழக்கம்போல் காரிலேயே இருப்பேன்.
சீப்பு என் கையில் இருக்கும்.
கதவைத் திறந்து வைத்தாலும் சரி,
வைக்காவிட்டாலும் சரி,
சீப்பு உன் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த திங்கள் எட்டாம் நாள்.
தப்பிய ஈர் பொரிந்திருக்கும்,
மறுபடி முழுத் தலையும் பார்க்க வேண்டும்.
அன்று நான் கிணற்றில்.
உனக்கு இரண்டு நகமும் நன்றாக இருக்கின்றன, தெரியும்.
ஆனாலும் ஒன்றுக்கு
அவளுடையதைக் கேள்.